செவலை நாயின் வாய்க்கட்டு

சங்கரன்கோவில் கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசிக்கு எங்கள் நாயோடு காத்திருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், புருவத்தில்கூடப் பஞ்சுத் தூசி. அவருடைய செவலை நாயின் வாயைச் சேலைத் துண்டால் கட்டியிருந்தார். நிமிஷத்துக்கு ஒருதரம் அந்தக் கட்டுக்குள் இரண்டு விரலை விட்டு, இறுகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கடிக்குமோ?" என்றேன்.

"இதா? யாரு என்ன குடுத்தாலும் வாலாட்டிட்டுத் தின்னுரும் அண்ணாச்சி. அதான் கட்டியிருக்கேன்."

அவர் தெருமுனையில் நிற்கும் நாலு பேர் நாயைக் கல்லால் அடித்திருக்கிறார்கள். இவர் தட்டிக் கேட்டார். அன்றிலிருந்து, இவர் போகும்போதெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

"விஷம் வைப்போம்னு சொல்லுதானுவ."

"வேற வீடு பாக்கலாம்லா?"

"தறி ஓட்டுதவனுக்குன்னு முதலாளி குடுத்த வீடு. வீட்டை விட்டா தறியும் போயிரும்."

ஊசி போட்டபின், தண்ணீர் காட்டுவதற்காக வாய்க்கட்டை அவிழ்த்தார். எங்கள் நாய்க்கு வைத்திருந்த பிஸ்கட் ஒன்றை நீட்டினேன். செவலை வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவர் கயிற்றைச் சுண்டி இழுத்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. உங்க கையில வாங்கிப் பழகினா, நாளைக்கு அவனுவ கையிலயும் வாங்கும்."

பிஸ்கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாய் என் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து வாலாட்டியபடியே போனது. அவரும் அதைப் பார்த்தார். வாசலில் குனிந்து அதன் வாயை மறுபடி கட்டினார். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டார்.