ஏறாவூர் வரைக்கும் போன முகம்

வேர்னனின் டீவி சனல் என்றால் ஒரு அறை, ஒரு டிரான்ஸ்மிட்டர், கூரையில் ஒரு இரும்புத் தூண். மட்டக்களப்பு டவுனில் இருந்து ஏறாவூர் வரைக்கும் படம் தெரியும். அதுக்கு அங்கால வெறும் இரைச்சல்.

சுனாமிக் கடல் அடித்த கிழமை அந்தச் சின்னச் சனல் பெரிய வேலை செய்தது. வாகரையில் வீடு வாசலை இழந்து டவுன் முகாமுக்கு வந்த புஸ்பம், காணாமல் போன மகன் நிலோஜனின் பள்ளிக்கூடப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வேர்னன் அதைக் கமெராவுக்கு முன்னால் பிடித்தார். அரை மணித்தியாலத்தில் ஏறாவூரில் இருந்து றஸீனா என்றொரு பெண் போன் எடுத்தாள்.

"இந்தப் பொடியன் எங்கட வீட்டிலதான் இருக்கான். கெதியா வந்து கூட்டிப் போங்க, சோத்துப் பானையக் காலியாக்கிறான்."

தனிச் சனலாக எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கிறது? மூன்று வருசத்தில் வேர்னன் கொழும்புச் சனல் ஒன்றோடு சேர்ந்தார். நாள் முழுக்க அவங்கட நிகழ்ச்சி, மூலையில் அவங்கட சின்னம். பின்னேரம் அரை மணித்தியாலம்தான் வேர்னனுக்கு. அதிலும் மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும்.

யுத்தம் முடிந்து ரெண்டாம் மாசம் புஸ்பம் அதே படத்தோடு திரும்பவும் வந்தாள். பதினாறு வயசில் நிலோஜனை இயக்கம் பிடித்து வன்னிக்குக் கொண்டு போயிருந்தது. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"காணவில்லை எண்டு போடக் கொழும்புக்காரங்க விடமாட்டாங்க, புள்ள."

"அப்ப என்ன போடலாம்?"

"மரண அறிவித்தல்..." வேர்னன் நாக்கைக் கடித்தார்.

"நானே செத்திட்டான் எண்டு சொல்லட்டா? பிறந்தநாள் போடுங்க அண்ணன்."

"எப்ப பிறந்தவன்?"

"மார்கழி. அது கிடக்கட்டும், இண்டைக்கே போடுங்க."

ஆடியில் நிலோஜனுக்கு ஒரு பிறந்தநாள் வந்தது, வயசு பத்தொன்பது. ஆவணியில் இன்னொன்று. ஐப்பசியில் மூன்றாவது.

"மூலையில கொழும்புச் சின்னம் நிண்டதே. அப்ப இலங்கை முழுக்கத் தெரியும்தானே? வன்னிச் சனத்த வச்சிருக்கிற வவுனியா முகாமில டீவி இருக்காம்," என்றாள் புஸ்பம்.

வேர்னன் சும்மா தலையை ஆட்டிவைத்தார். அவள் போன பிறகு கொழும்புக்குப் போன் எடுத்து, ஒரேயொரு தரம் அந்தப் படத்தைப் போடச் சொல்லிக் கெஞ்சினார்.

"ஐசே, இங்க இருந்துதான் அங்க வரும். அங்க இருந்து இங்க வராது," என்று சிரித்தார்கள்.

மார்கழியில் புஸ்பம் இனிப்புத் தொதல் துண்டுகளோடு வந்தாள். "இண்டைக்கு உண்மையான பிறந்தநாள். வயச மாத்துங்க அண்ணன், இருபது."

இனியும் மறைக்க வேர்னனுக்கு ஏலாமல் போயிற்று. "புள்ள, சின்னம்தான் கொழும்பு. இது ஏறாவூர் வரைக்கும்தான் போகும்."

புஸ்பம் தொதலை மேசையில் வைத்தாள்.

"முந்தியும் ஏறாவூரிலதானே கிடைச்சான்," என்றாள்.

வேர்னன் பத்தொன்பதை அழித்துவிட்டு இருபது என்று அடித்தார். புஸ்பம் வீட்டுக்குப் போகவில்லை. போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.