ஏரிக்கரை மேட்டில் இரண்டாம் கியர்

"...அது முக்கிகினு கீது, உனுக்குக் காதுல உழலியாய்யா?" என்று பின்சீட்டிலிருந்து என் மனைவி கேட்டு முடிப்பதற்குள், மோட்டார் சைக்கிள் அம்பத்தூர் ஏரிக்கரை மேட்டில் பாதி ஏறி, உதறி, நின்றே போனது. எழுபதுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலை.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக ஆள். ஆவடி, பூந்தமல்லி என்று சைக்கிளில் போய்க் கடிதங்கள் கொடுத்து வருவது வேலை. கம்பெனி மோட்டார் சைக்கிள் வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஓட்டத் தெரிந்த வெளியாளைப் போடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

கூட வேலை பார்த்த நண்பர் பாடம் நடத்தினார். கம்பெனி வாசலில் முதல் கியர், தண்ணீர்க் குழாய் வந்தால் இரண்டு, புளியமரம் வந்தால் மூன்று, டீக்கடை தாண்டினால் நான்கு. வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். ஆனால் சோதனை நாளில் பின்னால் உட்கார்ந்த சூப்பர்வைசர், பூந்தமல்லி ரோட்டுக்குத் திருப்பச் சொன்னார். அங்கே குழாயும் இல்லை, மரமும் இல்லை. முதல் கியரிலேயே வண்டி அலற அலறப் போனேன். எதிரே மாட்டுவண்டி வரவே, பதறிப்போய்ப் படபடவென்று கியரை மிதித்தேன். வண்டி நடுரோட்டில் அணைந்தது. "புளியமரம் இன்னும் வரலையே சார்" என்று உளறிவிட்டேன்.

"நட்டு வெச்சிட்டு வரட்டா நைனா?" என்றார் அவர். திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு என்று சொல்லி, பழகுவதற்கு வண்டியையும் கொடுத்தனுப்பினார்.

என் மனைவிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மாவு மில்லில் வேலை. அரிசியை அதிகமாகத் தள்ளிவிட்டால் மோட்டார் அடித்தொண்டையில் முனகுமாம். தானியம் தீர்ந்து சும்மா ஓடினால் கீச்சென்று கத்துமாம். திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

"மரத்த இன்னாத்துக்குப் பாக்குற? கத்துனா கியர ஏத்து, முக்குனா எறக்கு. அவ்ளோதான்யா" என்றாள், மேட்டில் வண்டி நின்றதும்.

என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். கத்தினால் ஒரு தட்டு, முக்கினால் இரண்டு. மத்தியானம் வரை அந்த மேட்டில் ஏறினோம், இறங்கினோம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "பொண்டாட்டி ஓட்றா, இவுரு சும்மா குந்திகினு வராரு" என்றார். வேறு நாளாக இருந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். அன்று வரவில்லை. சொன்னது உண்மைதானே.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் எந்த ரோடு என்றே சொல்லாமல் கூட்டிப்போனார். தட்டுவதற்குத் தோளில் கை இல்லை. ஆனால் வண்டி பேசியது, எனக்குக் கேட்டது. இறங்கியதும், "மரம் எங்கப்பா பூட்ச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றே நான் நிரந்தர ஆள்.

சாயங்காலம் நேராக மில் வாசலுக்குப் போய் ஹாரன் அடித்தேன். தலையெல்லாம் மாவோடு வந்து ஏறியவள், முந்தின நாள் போலவே தோளில் கை வைத்தாள். ஏரிக்கரை மேட்டில் சத்தம் லேசாகக் கம்மியது. அவள் விரல் அசைவதற்குள் இரண்டுக்கு இறக்கிவிட்டேன். வண்டி சீராக ஏறியது.

அதன் பிறகு எத்தனையோ வண்டிகள் ஓட்டிவிட்டேன். ஆனாலும் நானும் வண்டி ஓட்டத் தெரிந்தவன்தான் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது அந்த ஒரு நொடியை நினைத்துத்தான்: மேடு முடிவதற்கு முன்பே, மாவு படிந்த அந்தக் கையை அவள் என் தோளிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.