பயிற்சியில் சொன்னதைச் செய்துவிட்டவர்

டிசம்பரில் ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பி.இ.ஓ. சார் போன் செய்தார். வட்டாரக் கல்வி அலுவலர் விடிந்ததும் விடியாததுமாக ஆசிரியர் பயிற்றுநரைக் கூப்பிட்டால் இரண்டே காரணம்தான். மேலிடத்திலிருந்து யாரோ வருகிறார்கள், இல்லையென்றால் யாரையோ மாட்டிவிட வேண்டும்.

"மேடம், உங்க டிரெயினிங்கால ஒரு வாத்தியார் கெட்டுப்போயிட்டார்" என்றார்.

வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "யாரு சார்?" என்றேன்.

"உப்பளத்துப் பள்ளிக்கூடம் லூர்துசாமி. மூணாம் கிளாஸ் கணக்குல ஜூன்ல ஆரம்பிச்ச கழித்தல்லயே நிக்கிறாரு. கேட்டா, டிரெயினிங்ல மேடம் அப்படித்தான் சொன்னாங்கன்னு சொல்றாரு. கிளம்பி வாங்க, நேர்ல பேசிக்கலாம்."

நான் பயிற்றுநராக இருந்த அத்தனை வருஷத்தில் எத்தனையோ புகார் வந்திருக்கிறது. டீ ஆறிப்போயிருந்தது, ஃபேன் ஓடவில்லை, பயிற்சிக்கு வந்த டீச்சர் பையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார் என்றெல்லாம். பயிற்சியில் சொன்னதை ஒருவர் வகுப்பில் போய் அப்படியே செய்துவிட்டார் என்று வந்த புகார் அது ஒன்றுதான்.

பயிற்சி என்னும் பந்தி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். பயிற்சி என்பது கல்யாணப் பந்தி மாதிரி. வந்தார்கள், சாப்பிட்டார்கள், இலையை மடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வகுப்பில் பழைய சோறுதான். நமக்கும் அது தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் யாருக்கும் மனக்கஷ்டம் கிடையாது.

அந்த ஜூனில் எங்களுக்கு வந்த பாடம் 'மாஸ்டரி' கணக்கு. விஷயம் இதுதான்: ஒரு பாடம் எல்லாப் பிள்ளைக்கும் பிடிபட்ட பிறகுதான் அடுத்த பாடம். சீக்கிரம் முடித்தவனை அடுத்த பக்கத்துக்குத் துரத்தக் கூடாது, அதே கணக்கை வேறு வழியில் போடச் சொல்ல வேண்டும். முதலில் கையால் தொடுகிற பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட குச்சிக்கட்டுகளை எல்லாருக்கும் கொடுத்தேன். கழிக்கும்போது ஒன்றுகள் போதவில்லையென்றால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். டீச்சர்கள் சார்ட் பேப்பரில் அதை எழுதி, சுற்றிலும் பூ பார்டர் போட்டு, குழுவுக்கு ரோஜா, மல்லி என்று பெயர் வைத்துக் கைதட்டி முடித்தார்கள்.

லூர்துசாமி சார் முதல் வரிசையில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பயிற்சியில் முதல் வரிசையில் உட்காருபவர்கள் இரண்டு வகை: காது கேட்காதவர்கள், சந்தேகம் கேட்பவர்கள். இவர் இரண்டாவது வகை.

"எல்லாப் பிள்ளைக்கும் வந்த பிறகுதான்னு போட்டிருக்குது. எல்லாரும்னா எல்லாருமா மேடம்?"

பின்னால் சிரித்தார்கள். சாப்பாட்டு வண்டி வந்து நின்று சாம்பார் வாசனை ஹாலுக்குள் ஏறிவிட்டது. ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வராவிட்டால் என்ன செய்வது என்று என் ஸ்லைடில் ஒரு வரியும் இல்லை. "ஆமாங்க சார், எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன்.

தர்ஷினி வரலை சார்

பி.இ.ஓ. சார் ஜீப்பில் முன்னால் போக, நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். மழையில் உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர்; பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. தலைமையாசிரியைக்குச் செய்தி எப்படியோ எட்டி, லீவு போட்டிருந்தார். லூர்துசாமி சார் மட்டும் வாசலில் நின்று கும்பிட்டார்.

பி.இ.ஓ. சார் கரும்பலகையில் 52-லிருந்து 27 என்று எழுதினார். பிள்ளைகள் போட்டுவிட்டார்கள். போட்டதோடு விடவில்லை. ஒருவன் குச்சியில் காட்டினான், ஒருத்தி படம் வரைந்தாள், இன்னொருத்தி 27-லிருந்து மேலே எண்ணிக்கொண்டே வந்து 25 சரிதான் என்று சாதித்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, ஜீப் வாசலில் நிற்கிறதே.

"இவ்ளோ நல்லா வருதே, அப்பறம் ஏன் பெருக்கல் போகலை?" என்றார் பி.இ.ஓ. சார்.

"தர்ஷினி வரலை சார்."

"தர்ஷினி யாரு?"

"இந்த கிளாஸ் பொண்ணுதான் சார். உப்பு சீசன்ல அவங்க அம்மா விடியறதுக்கு முன்னாடியே உப்பு வாரப் போயிடும், இது தம்பியைப் பாத்துக்கும். வாரத்துல ரெண்டு நாள் வரும். மழை வந்ததும் குடும்பத்தோட நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போயிட்டாங்க. பொங்கல் கழிச்சு வந்துடுவாங்க. அதுக்கு இன்னும் கழித்தல் வரலை."

"ஏன் சார், ஒரு புள்ளை வரலைன்னு ஊர்த் தேர் நிக்குமா? சிலபஸ் முடியலைன்னா உங்க இன்க்ரிமென்ட் நிக்கும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க இப்படியா சொன்னீங்க?"

நழுவ வழி இருந்தது. அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி பார்க்கவில்லை. நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மாதிரி பார்த்தார். அதுதான் வம்பாகப் போயிற்று.

"சொன்னேன் சார். எல்லாரும்தான்னு சொன்னேன்."

"அப்ப நீங்களே வாரத்துல ரெண்டு நாள் வந்து பெருக்கலை முடிச்சுக் குடுங்க. பிப்ரவரி கடைசியில வந்து பாப்பேன். அதுக்குள்ள முடியலைன்னா அவர் இன்க்ரிமென்ட் கட். உங்களைப் பத்தியும் எழுதிடுவேன்" என்று ஜீப்பில் ஏறினார்.

சொந்தச் சாம்பாரைச் சாப்பிட்ட காலம்

வகுப்பெடுத்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. முதல் நாளே கடல் காற்றில் என் ஃப்ளாஷ் கார்டுகள் எல்லாம் பறந்து, பாதி உப்பளத்துத் தண்ணீரில் மிதந்தன. மேடையில் ஆசிரியர்களுக்கு 'ஆர்வமூட்டல்' பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். இங்கே ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் என் ஆர்வமூட்டல் முடிந்தது.

லூர்துசாமி சாரோடு சண்டையும் போட்டேன். "மத்த புள்ளைங்க என்ன பாவம் செஞ்சாங்க சார்?" என்று நான் கேட்டேன். "அது வந்தா அதை யாரு பாக்கறது மேடம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் வகுப்பு பெருக்கலுக்குப் போகும், தர்ஷினி வந்தால் நான் உட்கார்ந்து சொல்லித்தருவேன் என்று முடிவானது. அவள் எங்கே வரப்போகிறாள் என்ற தைரியத்தில்தான் ஒத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து, புது உப்பு சீசனுக்காகப் பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கியதும் வந்துவிட்டாள். இடுப்பில் தம்பி.

52-லிருந்து 27 கொடுத்தேன். 35 என்று எழுதினாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். எது பெரிசோ அதிலிருந்து சின்னதைக் கழிப்பது, எல்லா ஊரிலும் நடக்கிற தப்புதான். குச்சிக்கட்டைக் கொடுத்து விளக்கினேன். மறுபடி 35. மறுநாளும் அதே 35. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, கட்டைப் பிரின்னு எத்தினி வாட்டி சொல்றேன், ஏன் பிரிக்க மாட்டேங்கிற?"

அவள் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அது சார் கட்டி வெச்சது டீச்சர். பிரிச்சா திட்டுவாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் ஜூனில் துடைப்பக் குச்சியை ஒடித்து, எண்ணி, அவர்களே கட்டியவர்கள். கட்டுக்குள் இருப்பது பத்துக் குச்சி என்பது அவர்கள் கைக்குத் தெரியும், பிரிக்கவும் பயமில்லை. அந்த நாட்களில் இவள் வரவில்லை. இவளுக்கு அது யாருடையதோ ஒரு பொருள், கலைக்காமல் வைக்க வேண்டியது. பயிற்சியில் நானும் ரப்பர் பேண்டு போட்ட கட்டைத்தானே கையில் கொடுத்தேன்? கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா?

எல்லாக் கட்டையும் அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். "நீயே எண்ணிக் கட்டு" என்றேன். கட்டினாள், பிரித்தாள், திரும்பக் கட்டினாள். தம்பி ஒரு குச்சியைக் கடித்துத் தின்னப் பார்த்தான். அப்படியும் உடனே வந்துவிடவில்லை. ஒருநாள் 25 வரும், மறுநாள் பழைய 35 வந்து நிற்கும்.

பி.இ.ஓ. சார் திரும்பி வந்தார்

பிப்ரவரி கடைசியில் சொன்னபடி வந்தார். வகுப்பு பெருக்கலை நன்றாகவே செய்தது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"அப்ப, எல்லாம் முடிஞ்சுது?" என்றார்.

ஆமாம் என்ற ஒரு சொல்லில் எல்லாம் தீர்ந்துவிடும். நான் லூர்துசாமி சாரைக் கண்ணால் கெஞ்சினேன்.

"இல்ல சார். ஒருத்தி பாக்கி" என்றார் அவர்.

பி.இ.ஓ. சார் என்னைப் பார்த்தார். "ஆமா சார், பாக்கிதான்" என்றேன். "உங்களை அவரைத் திருத்த அனுப்புனா, அவரு உங்களைக் கெடுத்துட்டாரு" என்று முனகிவிட்டு, மூலையில் இருந்த தர்ஷினியிடம் போய், "62-ல 38 போடு பாப்பா" என்றார்.

அவள் குச்சிகளை எடுத்தாள். ஆறு கட்டு, இரண்டு உதிரி. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தான். தம்பி பி.இ.ஓ. சாரின் பேனாவைப் பிடித்து இழுத்தான். அவர் அதைக் கொடுத்துவிட்டு நின்றார். அவள் கட்டுகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, நிதானமாக எண்ணி எடுத்து, 24 என்று எழுதினாள்.

பி.இ.ஓ. சார் ஜீப்புக்குப் போய்விட்டார். பேனாவைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. இன்க்ரிமென்ட் பேச்சும் அதற்குப் பிறகு வரவில்லை.

தர்ஷினி என்னைப் பார்த்துக் கேட்டாள். "மத்தவங்கல்லாம் எங்க இருக்காங்க டீச்சர்?"

"பெருக்கல்ல."

தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே எழுந்து போய் அவர்கள் வரிசையில் உட்கார்ந்தாள். தான் மட்டும் மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பதை இத்தனை நாளும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதிதாக வந்திருக்கும் பயிற்றுநர்களே, மேடையில் தாராளமாகப் பேசுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். 'எல்லாரும்' என்ற சொல்லை மட்டும் எடுப்பதற்கு முன்னால், வராத ஒரு பிள்ளையின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.