வெள்ளிக்கிழமை ரயிலின் பிரேக்மேன்

வியாழக்கிழமை சாயங்காலம் கேம்ப் மெஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘வாலண்டியர்’ என்று இருக்கும். கீழே பன்னிரண்டு பேரின் பெயர்கள். தாங்கள் வாலண்டியர் ஆகிவிட்டது அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தன் இஷ்டத்தில் வந்து உழைக்கிறவனுக்குத்தான் அந்தப் பெயர் என்று கார்மேகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர் பந்தல் கட்டப் போயிருக்கிறார். அங்கே எவனும் லிஸ்ட் ஒட்டவில்லை.

கார்மேகத்துக்கு நாற்பத்தேழு வயது. கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவர், ஓமானுக்குக் கம்பி கட்டும் வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆறு நாளும் சைட்டில் கம்பெனிக்கு உழைக்கிறவருக்கு மிஞ்சுவது ஒரு வெள்ளிக்கிழமை. துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, ரூமில் நாலு பேராகச் சேர்ந்து கறிக்குழம்பு வைப்பது, வீட்டுக்குப் போன் போட்டு நிதானமாகப் பேசுவது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள்தான். மூன்று வருஷமாக, குளிர்காலம் வந்தால் அந்த வெள்ளியையும் ஒரு பொம்மை ரயில் தின்றுகொண்டிருந்தது.

மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், மலை இடுக்குக்குள் போகும் பழைய சின்ன லைன் அது. எப்போதோ கல் ஏற்றப் போட்ட தண்டவாளம். ரயில் பைத்தியம் பிடித்த சில பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்து, அதைத் தூசி தட்டி, மூன்று பெட்டி கோத்து, டீசல் இன்ஜினின் மண்டையில் ஒரு பொய்ப் புகைபோக்கியையும் வெல்டிங் வைத்து ஓட்டுகிறார்கள். மலை பார்க்கவும் பாலம் பார்க்கவும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகிறார்கள். ‘முழுக்க முழுக்க வாலண்டியர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்’ என்று வாசலில் போர்டு இருக்கிறது.

அந்த கிளப்புக்கு உண்மையான வாலண்டியர்களும் உண்டு. அவர்களில் இன்ஜின் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒன்பது பேர். விசில் ஊத, மைக் பிடிக்க, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்க, எல்லாவற்றுக்கும் போட்டி. தண்டவாளத்தை மூடின மண்ணை அள்ளிப் போட ஆள் வராது. அச்சுக்கு கிரீஸ் வைக்க வராது. கடைசிப் பெட்டியில் நின்று பிரேக் சக்கரம் சுற்ற வரவே வராது. கடைசிப் பெட்டிக்குக் கூரை கிடையாது. மூன்று பெட்டியின் புழுதியும் அதில் வந்துதான் படியும். ஆசைப்பட ஆள் இல்லாத வேலைக்கெல்லாம் கேம்ப்பிலிருந்து வாலண்டியர் வந்தார்கள். கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் ஸ்ரீகாந்த்தான் கிளப்புக்கும் செக்ரட்டரி என்பதால் இது சுலபமாக நடந்தது. ஆளுக்கு ஒரு டீஷர்ட், ஒரு பிரியாணி பொட்டலம். கார்மேகம் மூன்று குளிர்காலமாக பிரேக்மேன்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லிஸ்ட்டிலும் தன் பெயரைப் பார்த்ததும் கார்மேகத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. மறுநாள் அவருடைய மகள் அருணாவுக்கு நிச்சயதார்த்தம். அவரால் ஊருக்குப் போக முடியாது. வைகாசியில் கல்யாணத்துக்கு லீவ் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே வருஷத்தில் இரண்டு லீவ் எந்தக் கம்பெனியும் தராது. அதனால் போனிலாவது இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ஊரில் பத்தரை என்றால் இங்கே ஒன்பது. ஒன்பதுக்குள் அவர் முகம் அந்தச் சபையில் தெரிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று நினைப்பவர்கள் அருணாவின் சடங்கு ஆல்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டுப்பாவாடை கட்டி மாலையோடு நிற்கும் பெண்ணின் பக்கத்தில், ஸ்டூடியோக்காரன் கார்மேகத்தின் பாஸ்போர்ட் போட்டோவை வெட்டி ஒட்டியிருந்தான். நீலச் சட்டை, முறைக்கிற கண், கழுத்துக்குக் கீழே யாருடைய கோட்டோ. ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். கார்மேகமும் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அப்பன் செத்தபோது கொள்ளி வைக்க இல்லை, மகள் பிறந்தபோது இல்லை, சடங்குக்கு வெட்டி ஒட்டினார்கள். நிச்சயத்துக்கும் ஒட்டுப் போட அவர் தயாராக இல்லை.

அன்றைக்கே ஸ்ரீகாந்த்துக்குப் போன் போட்டார். “சார், நாளைக்கு எம்மகளுக்கு நிச்சயம். ஒம்பது மணிக்குள்ள போன்ல இருக்கணும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்னைய விட்ருங்க சார்.”

“என்ன கார்மேகம், கடைசி நேரத்துல? நாளைக்கு பெரிய கெஸ்ட் வர்றாங்கய்யா. பிரேக்குக்கு உன்ன விட்டா ஆள் ஏது? எட்டு மணிக்கு வண்டி எடுத்தா எட்டே முக்காலுக்குத் திரும்பிடும். ஸ்டேஷன்ல நின்னு நீ தாராளமா பேசு.” கொஞ்சம் நிறுத்தி, ஸ்ரீகாந்த் குரலைத் தணித்துக்கொண்டார். “வைகாசிக்கு லீவ் கேட்டிருக்கல்ல? என் டேபிள்லதான் இருக்கு.”

மிரட்டலைக்கூட மரியாதையாகச் செய்யப் படித்தவர் அவர். கார்மேகம் பல்லைக் கடித்துக்கொண்டு, “சரிங்க சார்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு கேம்ப் பஸ் கிளம்பியது. ஆறரையிலிருந்து தண்டவாளத்தில் மண் அள்ளினார்கள். ஏழே முக்காலுக்குக் கார்மேகம் முகம் கழுவி, டீஷர்ட்டை மாற்றிவிட்டு, பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். எட்டு மணி ஆயிற்று. கெஸ்ட் வரவில்லை. எட்டேகாலுக்கு வந்தார்கள். கிளப்காரர்கள் பூங்கொத்து கொடுத்தார்கள். இன்ஜின் முன்னால் போட்டோ, பெட்டி வாசலில் போட்டோ, பொய்ப் புகைபோக்கியோடு போட்டோ. கெஸ்ட்டின் பிள்ளைகள் விசில் இழுக்க ஆசைப்பட்டு, ஆளுக்கு நாலு தடவை இழுத்தார்கள். கார்மேகம் இரண்டு முறை ஸ்ரீகாந்த்திடம் போய் மணியைக் காட்டினார். இரண்டாவது முறை ஸ்ரீகாந்த், “டீஷர்ட் எங்கய்யா? மொதல்ல அதப் போடு” என்றார். வெள்ளைச் சட்டை மறுபடி பைக்குள் போனது.

எட்டே முப்பத்தைந்துக்கு வண்டி கிளம்பியது. மலை இடுக்குக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் போனில் சிக்னல் செத்தது. வண்டி திரும்ப ஒன்பது இருபது ஆகும். மைக்கில் ஸ்ரீகாந்த்தின் குரல் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்டது. “இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் விடுமுறை நாளை அன்போடு கொடுத்தவர்கள்” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அந்த அளவு ஆங்கிலம் கார்மேகத்துக்குப் புரியும். கொடுத்தவனா? பிடுங்கினதை அன்பளிப்பு என்று ஊருக்கே ஒலிபரப்புகிறானே என்று இருந்தது.

அந்த லைனில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். பாதி வழியில் ஒரு பாலம். அங்கே மலை விலகி, தூரத்து டவர் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் பாலத்தைத் தாண்டுகிற அரை நிமிஷத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் கொத்தாக வந்து விழும். அவர் மணி பார்த்தார். எட்டு ஐம்பது. இன்ஜின் பாலத்தில் ஏறியது.

கார்மேகம் பிரேக் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினார். மூச்சு விடாமல் பத்துச் சுற்று. இரும்பு கிறீச்சிட்டது, பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, வண்டி திணறிப் பாலத்தின் மேலேயே நின்றது. இன்னும் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு, சக்கரம் திரும்பாதபடி சங்கிலியை மாட்டினார். ஒரு கம்பியும் தளரக் கூடாது என்று பழகின கை அது, கோபத்திலும் தப்புச் செய்யவில்லை. பிறகுதான் போனை எடுத்தார். இரண்டு கட்டை சிக்னல் இருந்தது. வண்டி நின்ற குழப்பத்தில் முன்பெட்டியில் பிள்ளைகள் கத்தினார்கள்.

மனைவி கருப்பாயி முதல் ரிங்கிலேயே எடுத்தாள். “ஏங்க, எங்கிட்டு இருக்கீக? சம்மந்தி வீட்டுக்காரவுக எல்லாம் தட்ட வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்காக. பெரியவுக மணிய மணியப் பாக்குறாக. எந்தம்பிய அப்பன் எடத்துல ஒக்கார வச்சிரலாமுன்னு சொல்றாக!”

“எவனும் ஒக்கார வேணாம். நான் வந்துட்டேன். போன சபையில காட்டு!”

படம் நின்று நின்று வந்தது. ஜமுக்காளம், தாம்பாளங்கள், வேட்டிகள். நடுவில் அரக்குப் புடவையில் அருணா. போனைப் பார்த்ததும் அவள், “அப்பா” என்று வாயசைத்தது மட்டும் தெரிந்தது, சத்தம் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் போனை வாங்கி, “சம்மந்தி, பொண்ணக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

“சம்மதம்!” என்றார் கார்மேகம். படம் உறைந்தது. கேட்டிருக்காது என்று பயந்து இன்னும் சத்தமாக, “சம்மதம்! எனக்குச் சம்மதம்!” என்று கத்தினார். வண்டி முழுக்க அமைதியாகிவிட்டது. எதிர்ப்பாறையில் பட்டு அந்தச் சொல் திரும்பி வந்தது. படம் மறுபடி அசைந்தபோது தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. குலவைச் சத்தம் கொரகொரவென்று கேட்டது. மணி எட்டு ஐம்பத்தேழு.

பாலத்தின் ஓரப் பலகையைப் பிடித்துக்கொண்டு, பொத்தான் கோட்டோடு ஸ்ரீகாந்த் வந்து சேர்ந்தார். முகம் வேர்த்து வழிந்தது. “யோவ், என்ன பண்ற நீ? யாரு பிரேக் போடச் சொன்னா? கெஸ்ட்டெல்லாம் பயந்து போயிட்டாங்க! எடு பிரேக்கை!”

கார்மேகத்துக்கு அப்போதுதான் முழுக் கோபமும் வந்தது. மகளின் நிச்சயத்துக்குச் சம்மதம் சொல்ல, திருடன் மாதிரி வண்டியை மறித்து நிற்க வேண்டியிருந்ததே என்ற கோபம். அவர் சங்கிலியைக் கழற்றவில்லை.

“சார், நான் யாரு? கம்பெனி ஆளா, வாலண்டியரா?”

“என்ன கேள்வி இது? வாலண்டியர்தான்.”

“இஷ்டப்பட்டு வாரவனுக்குத்தான சார் அந்தப் பேரு? மூணு வருசமா எனக்கு இஷ்டமில்ல. இன்னைக்கு வாயத் தொறந்து சொல்லிட்டேன். கலாஸ், முடிஞ்சு போச்சு.” டீஷர்ட்டைத் தலைவழியாக உருவி, மடித்து, சக்கரத்தின் மேல் வைத்தார். பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முன்னாலிருந்து டிரைவர் ராஜிக் நடந்து வந்தார். மஸ்கட் ரூவியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். யாரும் கூப்பிடாமல் ஆசைக்கு வருகிற அசல் வாலண்டியர். விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, “மகளுக்கு நிச்சயமாண்ணே? மாஷா அல்லாஹ்” என்று கார்மேகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஸ்ரீகாந்த்திடம் திரும்பினார். “ஸ்ரீகாந்த் பாய், எறக்கத்துல பின்பிரேக் இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன். யாராச்சும் ஒருத்தர் சக்கரத்துல நிக்கணும்.”

“யாரு நிப்பா?” என்றார் ஸ்ரீகாந்த்.

ராஜிக் ஸ்ரீகாந்த்தின் பித்தளைப் பொத்தான்களைப் பார்த்தார். மற்ற கோட்டுக்காரர்கள் இரண்டு பேர் பெட்டி வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே போய்விட்டார்கள்.

கார்மேகம் பிரேக் பெட்டியின் மூலைப் பலகையில் உட்கார்ந்தார். வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அம்போவென்று விட்டுவிட்டு நடக்க அவருக்கு மனமில்லை. “இங்கிட்டு வாங்க சார். இன்ஜின் ரெண்டு விசில் குடுத்தா ஒரு சுத்து எளக்கணும். ஒரு விசிலுக்கு ரெண்டு சுத்து எறுக்கணும். நான் பக்கத்துல இருந்து சொல்றேன். கை மட்டும் ஒங்களோடது.”

ஸ்ரீகாந்த் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைத் தொட்டார். கிரீஸும் புழுதியும் அப்பிய இரும்பு அது. கையை உதறினார். புழுதி படிந்த கோட்டோடு குனிந்தபடி, “உன் லீவ் என் கையிலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ” என்றார்.

“இப்ப ஒங்க கையில பிரேக் இருக்கு சார்” என்றார் கார்மேகம். “மொதல்ல அதப் புடிங்க.”