விண்டோஸ் என்று பொய் சொன்ன மடிக்கணினி

லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டு ஓடும் என்று எனக்கு யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. முகம் தெரியாத நாலு பேர் இணையத்தில் "அருமையாக ஓடுகிறது" என்று எழுதியிருந்தார்கள். நம்பினேன். அந்த நாலு பேர் மேல் இன்றும் கோபம் உண்டு, என் மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக.

என் மடிக்கணினி பழசு. புதிய விண்டோஸ் அதில் ஏறாது; பழையதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் தினமும் மிரட்டல் வந்தது. செர்டாங்கில் இருக்கும் கணினிக் கடைக்காரர் புதுசு வாங்கச் சொன்னார். நான் வடக்கு மலேசியாவில், கூலிமில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போட மனம் வராது. விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன்.

"நாப்பது வயசுல கேம் விளையாடலன்னா சோறு எறங்காதா?" என்றாள் மனைவி. கேட்டாளே தவிர, காரணம் அவளுக்கும் தெரியும். அந்த விளையாட்டில்தான் என் அண்ணன் இருந்தார்.

அம்மா இறந்த அன்று அண்ணன் தெற்குக் கோடியான ஜொகூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் தாப்பா அருகே நெரிசல். கைப்பேசியில் கூப்பிட்டு, "நான் வந்து வாய்க்கரிசி போடணும்டா, எடுத்துறாதீங்க" என்றார். சரி என்றேன். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் வளர்ந்த தோட்டத்துப் பெரியவர்கள், மழைக்கும் பொழுது சாய்வதற்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று நெருக்கினார்கள். தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது வழக்கம். கடைசி மகன் நான். வைத்துவிட்டேன். தைப்பிங் தாண்டி அவர் மறுபடி கூப்பிட்டபோது சிதை எரிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் ஆத்திரத்தில் காரை எங்காவது கொண்டுபோய் இடித்துவிடுவார் என்று பயந்தேன்.

"இன்னும் எடுக்கல லா, மெதுவா வாங்கண்ணே" என்றேன்.

மெதுவாகத்தான் வந்தார், கையில் மாலையோடு. சுடுகாட்டில் நின்று, "என்னை ஏமாத்திட்ட" என்றார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. கைப்பேசியிலும் என்னைத் தடுத்துவிட்டார்.

விளையாட்டில் மட்டும் தடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. இணையம் வழியாக இருவர் ஜோடி சேர்ந்து தீவில் சண்டை போடும் விளையாட்டு அது. முன்பெல்லாம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கத்திக் கத்தி விளையாடுவோம். சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அதே மூன்று மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒலிவாங்கியை இருவருமே திறக்கவில்லை. எனக்கு அடிபட்டால் மருந்துப் பெட்டியைக் காலடியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டு வருடம் எங்கள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

லினக்ஸில் அந்த விளையாட்டை ஓட்ட, நடுவில் புரோட்டான் என்ற மென்பொருள் தேவை. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் இது வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும். அப்பாவுக்கும் எனக்கும் நடுவே அம்மா பார்த்த அதே வேலை. முதல் வாரம் கறுப்புத் திரை. இரண்டாம் வாரம் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் வாரம் இரண்டும் வந்தன. ஆனால் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வாசலில் வைத்திருந்த காவல் நிரல், லினக்ஸ் என்றதும் உள்ளே விடவில்லை. தனியாக விளையாடும் மற்ற எல்லா விளையாட்டும் பிரமாதமாக ஓடின. எனக்கு எதற்கு அவை?

மூன்று ஞாயிறு என் விளையாட்டுக் கணக்குக்கு அவர் அழைப்பு வந்து காத்திருந்து அணைந்தது. என்ன நினைப்பார்? நானும் முறித்துக்கொண்டேன் என்றுதானே? பொறுக்க முடியவில்லை. இணையத்தில் எவனோ ஒருவன் இரண்டு வரி எழுதியிருந்தான். அதைச் சேர்த்தால், இது விண்டோஸ்தான் என்று காவல் நிரல் நம்பிவிடுமாம். சேர்த்தேன். கதவு திறந்தது. அந்த ஞாயிறு அவர் எனக்கு இரண்டு மருந்துப் பெட்டி போட்டார்.

அடுத்த ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் என் திரை உறைந்தது. கணக்கு நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது என்று வந்தது. காரணத்தைக் கூட்டாளிக்கும் காட்டுவார்கள்: "உங்கள் ஜோடி ஏமாற்றியதால் நீக்கப்பட்டார்."

ஒரு நிமிடம் கழித்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக அண்ணனிடமிருந்து விளையாட்டின் செய்திப் பெட்டியில் செய்தி வந்தது.

"மறுபடியுமாடா?"

விளையாட்டு நிறுவனத்துக்கு நீளமாக எழுதினேன். முடிவில் மாற்றமில்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டார்கள். ஜொகூருக்கே போய்க் கதவைத் தட்டச் சொன்னாள் மனைவி. தட்டி என்ன சொல்வது? லினக்ஸ், புரோட்டான், காவல் நிரல் என்று வாசலில் நின்று பாடம் நடத்துவதா? கோபத்தில் அவள் மேலேயே எரிந்து விழுந்தேன். அவர் கேட்டதில் என்ன தப்பு? அன்றைக்கும் பொய்தான் சொன்னேன், இன்றைக்கும் கணினியைப் பொய்தான் சொல்ல வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தச் செய்திப் பெட்டியைத் திறந்தேன். விளக்கம் எல்லாம் எழுதினேன், அழித்தேன். கடைசியில் "ஆமாண்ணே" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

தடை செய்யப்பட்ட கணக்கிலிருந்து செய்தி அனுப்ப முடியாது என்று வந்தது.