அறிவிப்பை நம்பி இடித்த தொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சமயநல்லூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். வெயிலில் நடந்து போய், "செல்வி, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றேன். அவள் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு கலர் சோடா வாங்கி வந்து நீட்டினாள்.

"தண்ணி இல்லண்ணே. கொஞ்சூண்டு கெடக்கு, அது சோறாக்கத்தான்."

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அவள் புருஷன் தங்கராசுதான் அந்த ஊராட்சியின் தலைவர்!

ஊராட்சியும் ஓர் அரசாங்கம்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மாநில பட்ஜெட்டில் தனக்கு என்ன கிடைத்தது என்பதை அந்த அரசாங்கம் எப்படித் தெரிந்துகொள்கிறது தெரியுமா? எஸ்.டி.டி. பூத்தில் காத்துக் கிடந்து! சட்டசபை நடக்கிற நாட்களில் சமயநல்லூர் பூத்தே கதி என்று இருப்பார் தங்கராசு. சென்னையிலிருந்து எம்.எல்.ஏ.வின் உதவியாளர் மனது வைத்துக் கூப்பிட்டால் உண்டு. இல்லையென்றால் மாலைப் பேப்பர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு போன் வந்தது. மானியக் கோரிக்கை விவாதத்தில் அமைச்சர் எழுந்து, புதிதாகக் குடிநீர்த் தொட்டி கட்டப்போகிற ஊர்களின் பெயர்களை வாசித்தாராம். அதில் இவர்கள் ஊரும் இருந்ததாம். தெருவெல்லாம் வெடி போட்டார்கள்.

ஊரில் ஏற்கெனவே ஒரு தொட்டி இருந்தது. பழசு, ஒழுகும். ஆனாலும் தினம் ஒரு வேளை தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தீர்மானம் போட்டு அதை இடித்துவிட்டார்கள்.

"ஏன் மாப்ள, புதுசு வாரதுக்கு முன்னாடியே இடிச்சீக?"

"பக்கத்து ஊர்ல இடம் காலியா இருந்துச்சு. அதைச் சொல்லியே பள்ளிக்கூடக் கட்டடத்தை அவுக வாங்கிட்டுப் போயிட்டாக மச்சான். இந்தத் தடவை இடத்தைக் காலி பண்ணி வச்சு நாம முந்திக்கிருவோம்னு நெனச்சேன். சட்டசபையிலயே சொல்லிட்டாக, அப்புறம் என்னன்னு இருந்துட்டேன்."

நியாயமான நம்பிக்கைதானே? ஆனால் சபையில் அறிவிப்பது வேறு... பணம் ஒதுக்குவது வேறு... அரசாணை வருவது வேறு. இந்த மூன்றுக்கும் நடுவில் எத்தனை ஊர்கள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றனவோ! யூனியன் ஆபீஸில் கேட்டால் "ஜி.ஓ. வரலை" என்கிறார்கள். அடுத்த பட்ஜெட்டும் வந்தது, போனது. தங்கராசு இப்போது டீக்கடைப் பக்கமே போவதில்லை.

எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. சபையில் பேசுகிறவர்கள் பேசிவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுகிறார்கள். அதைக் கேட்டு நடக்கிறவன்தான் ஊருக்கு முன்னால் குற்றவாளியாக நிற்கிறான் – அவன் மட்டுமா?

சாயங்காலம் செல்வி குடத்தை எடுத்தாள். நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். ஊருக்கு வெளியே ஒருவருடைய தோட்டத்து பம்ப்செட். மோட்டார் ஓடும்வரைதான் தண்ணீர். பெரிய கூட்டம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள்கூட, தலைவர் பெண்டாட்டி என்று பார்த்துப் பார்த்து, அவளுக்கு முன்னால் குடத்தை வைத்தார்கள். செல்வி சண்டை போடவில்லை. நகர்ந்து நகர்ந்து கொடுத்தாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல், "எனக்கு எப்பத்தான் விடுவீக?" என்று கேட்டாள்.

குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பரிசீலனையில இருக்கு மதினி" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. தொட்டி என்ன ஆச்சு என்று எம்.எல்.ஏ. சபையில் கேட்டதற்கு அமைச்சர் சொன்ன பதிலாம் அது. பூத்திலிருந்து வந்து ஊருக்குச் சொன்னதும் தங்கராசுதானாம். செல்விதான் எனக்கு விளக்கினாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

அவள் முறை வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.