வராத நீலம்

புடவைக் கடையில் கணவனுக்கு இருக்கிற ஒரே வேலை உட்கார்ந்திருப்பது. போன வாரம் அதை நான் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். என் மனைவிக்கு ஒரு நீலம் வேண்டும். எந்த நீலம் என்று அவளுக்கே தெரியாது. கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்து, "இதுவாம்மா? இது பாருங்க, இதுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது "இதுவா"வில் எழுந்துவிட்டேன். புழுக்கம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். எனக்கு ஏகாம்பரம் ஞாபகம் வந்துவிட்டது.

வாத்தியார் வேலைக்கென்று முதன்முதலாகக் காஞ்சிபுரம் வந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீடு முழுக்க வெந்த பட்டின் வாடை. முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் அந்த வாடை இல்லாத இடத்தில் பசிக்கவில்லை.

பின்கட்டில் ஒரு மூங்கில் கூண்டு, அதில் ஒரு பச்சோந்தி. அவர் மனைவி வேலியில் பிடித்து வளர்த்தது. அந்த அம்மாள் இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பச்சோந்தியின் ஒரு கண் என்னைப் பார்க்கும். மற்றது அடுப்படி வாசலைப் பார்க்கும். அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கண், யாரோ உள்ளே நடமாடுவதைத் தொடர்வதுபோல மெல்ல நகரும். நான் படித்தவன், ஆகவே கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டேன்.

அதற்கு இரை போட அந்த அம்மாள் சட்டங்கள் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சாயத்தண்ணீர் ஓடும் பக்கம் பிடித்த பூச்சி ஆகாது. பிடித்ததை ஒருநாள் கூடையில் பூசணி இலையோடு விட்டுவைத்து, வயிற்றில் இருப்பது கழிந்த பிறகே போடவேண்டும். வெட்டுக்கிளியின் பின்னங்கால் முள்ளைக் கிள்ளிவிட வேண்டும். பளிச்சென்று நிறம் காட்டுகிற எந்தப் பூச்சியையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. பெருமாள் கோயில் மடைப்பள்ளியில்கூட இத்தனை மடி பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஏங்க, அழகா இருந்தா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு அவ்ளோ கலர் காட்டுது? என்னத் துன்னாத, துன்னாதன்னு சொல்லிக்கினு இருக்குது வாத்தியாரே. படிச்சவருக்குத் தெரியலியா?" கிள்ளிய முள்ளை ஊதிவிட்டுச் சொன்னார்: "இந்தப் பச்சோந்தி எல்லாக் கலரும் காட்டுது, நீலம் மட்டும் காட்டலியேன்னு அவளுக்கு ஒரே கொறை. சாவுற வரிக்கும் கேட்டுக்கினு இருந்தா, இன்னிக்காச்சும் நீலம் வந்துச்சான்னு."

சாயக்காரர் வீட்டில் ஆறு மாதம் இருந்தால் புத்தியும் தொட்டியில் ஊறிவிடும். நூலுக்குள் நீலம் போனால் நூல் நீலமாகிறது. பச்சோந்திக்குள் போனால்? தெருக்கோடி எருக்கஞ்செடியில் வெட்டுக்கிளிகள் இருந்தன. மஞ்சள் கோடு போட்ட அசல் நீலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல், அவர் நூல் அலச வேகவதி ஆற்றுக்குப் போயிருந்தார். நான் ஒன்றைப் பிடித்துவந்து நீட்டினேன். பிடிக்கும்போதே அது என் விரலில் கசப்பு வாடையுள்ள ஏதோ நீரைப் பீச்சியது. பச்சோந்தி இரண்டு கண்ணையும் ஒருசேர என்மேல் நிறுத்தியது. அப்படி அது பார்த்து நான் கண்டதில்லை. நாக்கு வந்தது, போனது.

கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை. கையில் எடுத்தேன். ஐந்தாறு தடவை என் விரலை இறுக்கியது, பிறகு விட்டுவிட்டது. வெயில் பட்டால் தேறும் என்று முற்றத்தில் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். உயிர் போன சேதி தோலுக்குப் போய்ச் சேரவில்லை போலும்; வெயில் பட்ட இடமெல்லாம் கறுத்துக்கொண்டே வந்தது. கையை எடுத்தேன். கறுத்த உடம்பின்மேல் வெளுப்பாக நாலு விரல்.

ஏகாம்பரம் ஈர நூலைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். நூலை இறக்காமலே குனிந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, அந்த வெளுப்பின்மேல் வைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்குது" என்றார். "இன்னா குடுத்தே?"

"எருக்கஞ்செடி வெட்டுக்கிளி. நீலம் வருமான்னு..."

நூலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துச்சா?"

அடி விழும் என்று எதிர்பார்த்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வான்? "வந்துச்சு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் ஒரு நீல நூல் சிட்டத்தோடு வந்து என் கட்டில் அருகே நின்றார். நூலிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. "இதுவா?"

"இல்ல. கொஞ்சம் வெளுப்பு."

அதற்கடுத்த நாள் வேறொன்று. தினமும் ஒன்று. பிறருக்குச் சாயம் போடுவதையே நிறுத்திவிட்டார். முழங்கை வரை நீலம். பத்தொன்பதாவது நாள் என்னால் முடியவில்லை. பார்க்காமலே "இதுதான்" என்றேன்.

அந்தச் சிட்டத்தைக் காலிக் கூண்டின் கொம்பில் தொங்கவிட்டார். அன்று மாலையே வேலியில் பூச்சி பிடித்து, ஒருநாள் கூடையில் வைத்து, முள் கிள்ளி, கூண்டுக்குள் விட்டார். அடுத்த மாலை மிச்சத்தைத் திறந்துவிடும்போது என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ரெண்டு கொறையுது வாத்தியாரே."

பல்லி தின்றிருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்படி வாசலைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மூட்டைப்பூச்சி என்று காரணம் சொல்லி மாதக் கடைசியில் அறையைக் காலிசெய்தேன்.

ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டை இடித்து அரிசி மண்டி கட்டிவிட்டார்கள். வேலிகளெல்லாம் சுவராகிவிட்டன, பச்சோந்தியை அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லையாம். எருக்கஞ்செடி நின்ற இடத்தில் வண்டி மாடு கட்டுகிறார்கள்.

மனைவி கடை வாசலுக்கே ஒரு புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுதானே நீலம்? பாத்துச் சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியாது" என்றேன். இருபது வருஷம் தாமதம்.